சிவப்புத் தொப்பிக்காரனின் குலம்

என் கல்யாணத்தன்று நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார வைத்து, தலையிலிருந்து முழங்கால்வரை வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். பொழுது சாயும்வரை மணப்பெண் ஊமை. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. அவளைச் சிரிக்க வைக்க ஊரே வரிசை கட்டி வரும்.

முதலில் வந்தவர்கள் நாத்தனார்கள்.

"துணியத் தூக்கிப் பாருங்கடி, உள்ள பொண்ணு இருக்காளா, கம்பு மூட்டையா?"

"மூட்டைன்னா நல்லதுதான். நம்ம அண்ணன் பாட்டுக்குத் தின்னுட்டே கெடப்பான்."

"மூச்சு வாங்குது பாரு. கொனே வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கால் கட்டை. பக்கத்து ஊர்லருந்து வர்றதுக்கே நாலு எடத்துல உக்காந்து எந்திரிச்சிருப்பா."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுரைக்குடுக்கைகளைத் தண்ணீரில் கவிழ்த்துப் பெண்கள் தாளம் போட்டார்கள். இரண்டு ஆடு வெந்துகொண்டிருந்தது. பெருக்கமரத்தடியில் கம்புக் கள் பானைகள். துணிக்குக் கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சாண் உயரத்து உலகம்: தூசு, கோழி, மனிதர்களின் பாதங்கள்.

மாப்பிள்ளை சுங்காலோ தெம்பெலேயை அந்தப் பாதங்களில் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. ஊரிலேயே பெரிய பாதம். போன மழைக்காலத்தில் கோலோபுகு ஊர் இளைஞர்கள் நடத்திய மண்கொத்தும் போட்டியில் அவன்தான் முதலில் கரைசேர்ந்தான். அவனோடு போட்டி போட்ட மாஸா பாதி வயலிலேயே குப்புற விழுந்தான். அவனைத் தூக்கிப்போய் நிழலில் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, பெண்கள் விசிறினார்கள். விசிறியவர்களில் நானும் ஒருத்தி. சிரிப்பை அடக்க முடியாமல் விசிறினேன்.

தவறு அதுதான். மாஸா வட்டாரத் தலைவரின் மகன்.

எங்கள் வட்டாரத் தலைவரைப் பிரெஞ்சுக்காரன் வைத்தான். வரியும் ஆளும் கொடுத்தால் அவர் தலைவர். கொடுக்காவிட்டால் வேறொருவர் தலைவர், இவர் கயிற்றில். அவர் கெட்டவராகப் பிறந்தவர் இல்லை. பயந்தவர். பயந்தவர் கையில் அதிகாரம் வந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. ஜோலிபா ஆற்றில் அணை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் ஆள் கேட்கும்போதெல்லாம், யாரை அனுப்புவது என்பது அவர் வாயில் இருந்தது. போனவர்கள் இரண்டு மூன்று வருடம் வரமாட்டார்கள். வந்தவர்களில் சிலர் இருமிக்கொண்டே வந்தார்கள். என் சித்தப்பா வரவே இல்லை.

உச்சி வெயிலுக்குத் தாளம் நின்றது. ஒவ்வொரு குடுக்கையாக ஓய்ந்தது. நான் பாதங்களைப் பார்த்தேன். முற்றத்து வாசலில் முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றிய இரண்டு கால்கள். செருப்பில்லாத பாதங்கள். அதற்குப் பின்னால் ஒரே வரிசையில் மூன்று ஜோடி கால்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன.

கழுத்துக் கயிறு. நாலாவது சுருக்கு காலியாகத் தரையில் கிடந்தது.

"சுங்காலோ தெம்பெலே எவன்?"

என் மாமனார் எழுந்து போனார். பதற்றத்திலும் மரியாதையை விடாதவர். "உக்காருங்க ஐயா. தண்ணி குடிங்க. அப்பா நல்லாருக்காரா? அம்மா நல்லாருக்காங்களா? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"ம்."

"உங்க குலம் என்னன்னு சொன்னா அதச் சொல்லி வணங்கலாம்."

"என் குலம் இந்தத் தொப்பிதான். பையன் எங்க?"

இந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் வட்டாரத் தலைவர் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். பிரெஞ்சுக்காரன் காவல்காரர்களை அவரவர் ஊரில் வைப்பதில்லை. தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவான். எங்களிடம் ஒரு மனிதனை வணங்குவதென்றால் அவன் குலப்பெயரைச் சொல்ல வேண்டும். 'தெம்பெலே!' என்றால் அவன் 'கொனே!' என்பான். பிறகுதான் வெயிலைப் பற்றி, மாட்டைப் பற்றிப் பேசலாம். இவன் யாருக்கும் குலம் சொன்னதில்லை. எல்லா வணக்கத்துக்கும் ஒரு 'ம்'. ஊரில் அவனுக்கு வைத்த பெயர் 'மூடி'. பானை மூடி.

"நான்தான் சுங்காலோ." பெரிய பாதங்கள் முன்னால் வந்தன. அவன் ஓடவில்லை. ஓடினால் அவன் அப்பாவைக் கட்டுவார்கள்.

மூடி அவனை மேலும் கீழும் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னான்: "கல்யாண வீட்ல கலாட்டா பண்ண மாட்டேன். கைய மட்டும் முன்னால கட்டிடறேன். உக்காந்து சாப்பிடு. பந்தி முடிஞ்சதும் கெளம்பலாம். இவனுங்களுக்கும் ரெண்டு வாய் போடுங்க, காலைலருந்து பட்டினி."

மோசமான மனிதன் இல்லை பாருங்கள். அதுதான் எரிச்சல். மோசமானவனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

வாசலில் கள் வாடையோடு ஒரு சிரிப்பு கேட்டது. மாஸா. தோல் செருப்பு போட்ட பாதம். வேடிக்கை பார்க்க வந்திருந்தான். "பெரிய மண்வெட்டிக்காரன், அணைல போய் வெட்டட்டும்! வெள்ளக்காரன் மடி நெறைய மண்ணு வெச்சிருக்கான்!"

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் கள் ஊற்றினார்கள். தலைவர் மகன்.

அப்போதுதான் பெண்கள் வேலையைத் தொடங்கினார்கள். என் அத்தை தெனின் அடுப்பிலிருந்து விறகை ஒவ்வொன்றாக உருவினாள்.

"ஏண்டி உருவற? கறி வேக வேண்டாமா?" என்றாள் ஒரு நாத்தனார்.

"வேகக் கூடாது. பந்தி முடிஞ்சாத்தானே கெளம்புவான்? இந்த ஆடு இன்னிக்கு வேகாது. இது கெழட்டு ஆடு."

"அது குட்டிதானே அத்த."

"நான் சொல்றேன், கெழடு."

எவ்வளவு நேரம் ஒரு ஆட்டை வேகாமல் வைத்திருக்க முடியும்? அத்தை பாடினி சானபாவின் காதைக் கடித்தாள். என் பாய்க்கு ஓரத்தில் நின்றுதான் கிசுகிசுத்தார்கள். எல்லாம் எனக்குக் கேட்டது.

"அவன் குலம் மட்டும் தெரிஞ்சாப் போதும் சானபா. எந்தக் குலமா இருந்தாலும் அதுக்குக் கேலிமுறை உள்ள குலம் ஒண்ணு இருக்கும். இத்தன கூட்டத்துல அந்தக் குலத்து ஆளு ஒருத்தராவது இருக்க மாட்டாங்களா?"

"கேட்டாச் சொல்ல மாட்டானே. ஒரு வருசமா சொல்லலயே."

"கேக்காத. பாடு."

சானபா புரிந்துகொண்டாள். எனக்கும் புரிந்தது.

கேலிமுறைக் குலங்கள் என்றால் பாட்டன் பூட்டன் காலத்தில் சத்தியம் செய்துகொண்டவை. கண்ட இடத்தில் திட்டிக்கொள்ளலாம், அடிமை என்று, பயறு தின்னி என்று கூப்பிடலாம், தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்னலாம். கோபப்படக் கூடாது. ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் சிந்தக் கூடாது. முறைக்காரர் கூட்டத்தின் முன்னால் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவன் வீட்டுக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

தொப்பிக்காரன் ஏன் குலத்தை மறைத்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. குலம் தெரிந்தால் ஊருக்குப் பாதிப்பேர் கழுத்தில் அவனால் கயிறு போட முடியாது.

தன் குலத்தின் புகழைப் பாடினி பாடும்போது சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண்மகனை நான் பார்த்ததில்லை. எழுந்து ஆடுவான், இல்லாவிட்டால் அழுவான், அதுவும் இல்லாவிட்டால் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். சானபா நடுமுற்றத்துக்கு வந்தாள். முதலில் வீட்டுக்காரர்களின் குலம், தெம்பெலே. மாமனார் எழுந்து ஒரு சுற்று ஆடி அவளுக்கு ஒரு கோழி கொடுத்தார். அடுத்தது குலிபாலி. மாஸா தள்ளாடி எழுந்து குதித்தான். பிறகு ஜாரா. பிறகு சானோகோ. கயிற்றில் இருந்த மூவரில் ஒருவன் சானோகோ போல. அவன் எழுந்து ஆட, மற்ற இருவரும் கழுத்து இழுபட்டு வேறு வழியில்லாமல் கூடவே ஆடினார்கள். முற்றமே சிரித்து உருண்டது. நானும் துணிக்குள் குலுங்கினேன். என்ன செய்வது, சிரிப்பு வந்தது.

தொப்பிக்காரன் பெருக்கமரத்து வேரில் உட்கார்ந்து சாட்டையை மடியில் வைத்திருந்தான். எல்லோரும் ஓரக்கண்ணால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்கள், கல் மாதிரி இருந்ததாம். முகத்தைப் பழக்கி வைத்திருந்தான். எத்தனை கல்யாணங்களில், எத்தனை பாடினிகள் முன்னால் பழக்கினானோ.

சானபா சிதிபே பாடினாள். ஒன்றுமில்லை. அடுத்து தராவோரேவுக்கு வந்தாள். "எருமையின் மூச்சைக் கேட்டு அம்பை எடுத்தவன் பேரனே, கொடுத்த வில்லைத் திரும்ப வாங்காதவனே" என்று இழுத்தாள்.

எனக்கு முகம் தெரியாது. பாதம்தான் தெரியும்.

அவன் வலதுகால் பெருவிரல் மண்ணைப் பிடித்தது. விட்டது. பிடித்தது. குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. இன்னொரு காலால் அதன்மேல் மிதித்து அழுத்திக்கொண்டான். மிதிக்கிற காலும் தாளம் போட்டது.

சானபா அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டு அடுத்த குலத்துக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஆடு வெந்த மணம் வர ஆரம்பித்திருந்தது. அத்தையால் எவ்வளவுதான் விறகை உருவ முடியும்?

தராவோரேக்களுக்குக் கேலிமுறை, கொனேக்கள். அந்த முற்றத்தில் கொனேக்கள் நானும் என் அத்தையும்தான். அத்தை அடுப்படியில் இருந்தாள். நான் ஊமை. வாயைத் திறந்தால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அடக்கமில்லாதவள். என் கண் தவறியிருந்தால் அதைவிடக் கேடு. தொப்பிக்காரனை அடிமை என்று சொன்ன பக்கத்து ஊர்க்காரனுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நீர்யானைத் தோல் சாட்டை முதுகில் எழுதியதை அவன் இன்னும் சட்டை போட்டு மறைக்கிறான்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்ததாகச் சொன்னால் பொய்.

எழுந்தேன். துணி நழுவியது. நேராகப் போய் அவன் தலையிலிருந்த தொப்பியை எடுத்தேன்.

"அடே தராவோரே! தட்டப்பயறு தின்னி! எஜமானி கல்யாணத்துக்கு வந்துட்டு எஜமானி கால்ல விழாம மரத்தடில குந்திட்டிருக்கியா?"

குடுக்கைகள் நின்றன. கோழிகூட நின்றது போலிருந்தது. என் மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவன் சாட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான். என்னைவிட இரண்டு தலை உயரம். அப்போதுதான் அவன் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். கல்லெல்லாம் இல்லை. தூக்கம் கெட்ட, நடுவயது முகம்.

"யாரு நீ?" என்றான்.

"வாஸா. வாஸா கொனே. உங்க தாத்தன வெலைக்கு வாங்கி, வயித்துக்குப் பயறு போதலன்னு திருப்பிக் குடுத்தவங்க வீட்டுப் பொண்ணு."

அவன் உதடு துடித்தது. அவன் அடக்கப் பார்த்தான், தெரிந்தது. ஒரு வருடமாக, இல்லை, அந்தத் தொப்பியைப் போட்ட நாளிலிருந்து அவனை யாரும் அவன் பெயர் சொல்லித் திட்டியிருக்க மாட்டார்கள்.

"பயறு தின்னி நீதான்டி," என்றான் மெதுவாக. பிறகு பலமாக, முற்றத்துக்கே கேட்கும்படி: "கொனேக்குச் சோறு ஏது? எங்க வீட்டுப் பின்கட்டுல நின்னு பாத்திரம் நக்கின கூட்டம்! உங்க பாட்டனுக்குப் பேரு வெச்சதே எங்க பாட்டன்தான். நாய்க்கு வைக்க வெச்சிருந்த பேரு, மிச்சம் இருந்துச்சேன்னு வெச்சான்!"

முற்றம் வெடித்தது. அத்தை அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒரு வருசமா மூடி போட்டு வெச்சியேடா திருட்டுப் பயலே! பேரென்ன?"

"சிரிமா. சிரிமா தராவோரே. அடிக்காத கெழவி, எஜமான அடிக்கக் கூடாது."

"கெழவியா! பயறு தின்னுத் தின்னுக் கண்ணும் போச்சு!"

சானபா தராவோரே பாட்டை மறுபடி எடுத்தாள். இந்த முறை அவன் காலை மிதித்துக்கொள்ளவில்லை. ஆடினான். நன்றாகவே ஆடினான். சாட்டையை அவள் தோளில் மாலையாகப் போட்டான். அவள் அதைத் திரும்பக் கொடுக்கவே இல்லை.

மூச்சு வாங்க அவன் நின்றதும் நான் கேட்டேன். கேட்காமல் விட்டால் எல்லாம் வெறும் ஆட்டம்.

"சிரிமா, எனக்குக் கல்யாணப் பரிசு குடு."

அவன் முகம் மாறியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. "கோலாக்கொட்டை தர்றேன். பெரிய கொட்டை. செவப்பு."

"என் புருஷனக் குடு."

"வாஸா..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேளு. என்னையும் ஒருநாள் இப்படித்தான் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. கயித்துக்கு ரெண்டு பக்கம்தான் இருக்குன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது, கழுத்து இருக்கற பக்கம், கை இருக்கற பக்கம். நான் கை பக்கம் வந்துட்டேன், அவ்வளவுதான். நாலு பேரக் கொண்டுபோய் நிறுத்தணும். வெள்ளக்காரன் மூஞ்சியப் பாக்க மாட்டான், பேரக் கேக்க மாட்டான். தலைய எண்ணுவான். மூணுதான் இருந்தா நாலாவது என்னுது."

"நான் அதக் கேக்கல. என் புருஷனக் கேட்டேன். தர்றியா இல்லையா?"

நான் செய்தது நியாயமா என்று எனக்குத் தெரியாது. அவனை எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். எனக்கு சுங்காலோ வேண்டும்.

சிரிமா என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பிறகு சுங்காலோவிடம் போய்க் கைக்கட்டை அவிழ்த்தான். "எடுத்துக்க. பயறு தின்னிக்கு ஒரு பயறு தின்னி."

கயிற்றிலிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணே, நானும் கொனேதான்!"

"இப்பத்தான்டா சானோகோ பாட்டுக்கு எந்திரிச்சு ஆடின!"

"அது... பாட்டு நல்லாருந்துச்சு அண்ணே."

இந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் மாஸா நடுவில் வந்தான். கள் தலைக்கேறியிருந்தது. எல்லோரும் திட்டுகிறார்கள், தொப்பிக்காரன் பல்லைக் காட்டுகிறான், தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று நினைத்திருப்பான். பிறந்ததிலிருந்து எல்லாப் பந்தியிலும் அவனுக்கு முதல் பங்கு. சிரிமாவின் கன்னத்தில் தட்டினான். "ஏ தராவோரே அடிமை! எங்கப்பன் போடற களியத் தின்னுட்டுப் பொட்டச்சிக்குப் பயந்துட்டியா? உங்கப்பன் அடிமை, நீ அடிமை!"

யாரோ "ஐயோ" என்றார்கள்.

மாஸா குலிபாலி. எங்கள் பக்கத்தில் தராவோரேக்களோடு அவர்களுக்குக் கேலிமுறை கிடையாது. என் வாயிலிருந்து வந்தால் தேன். அவன் வாயிலிருந்து வந்தால் அது வெறும் வசவு, தகப்பனையும் சேர்த்து. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மாஸாவுக்கும் தெரிந்திருக்கும், இத்தனை நாள் தேவைப்படவில்லை. நேற்றுவரை அவன் திட்டியது ஒரு தொப்பியை. இன்றைக்கு எதிரில் நின்றவனுக்குப் பெயர் இருந்தது, பாட்டன் இருந்தான், கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் இருந்தது.

சிரிமா கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். என் கையிலிருந்த தொப்பியை வாங்கித் தலையில் வைத்தான். காலியாக இருந்த சுருக்கை எடுத்து, அவசரமே இல்லாமல், மாஸாவின் கழுத்தில் போட்டான்.

மாஸா சிரித்தான். பிறகு இழுத்துப் பார்த்தான். "டேய், அவுரு. நான் யாருன்னு தெரியும்ல?"

"யாரு?"

"தலைவரோட மகன்டா நான்!"

"ஆள் கணக்கு எடுத்தப்ப, தலைவர் வெள்ளக்கார கொமாந்தான் முன்னாடி சத்தியம் பண்ணும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். வீட்ல மீசை மொளைச்ச பையன் ஒருத்தன்கூட இல்ல, எல்லாம் பொட்டப் புள்ளைங்கன்னு சொன்னாரு. தலைவர் பொய் சொல்வாரா? அப்ப நீ வேற யாரோ. வழிப்போக்கன். உடம்பு நல்லாருக்கு, நட."

அத்தை முதலில் சிரித்தாள். பிறகு ஊர்.

தலைவர் பிறகு கொமாந்தானிடம் போனார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். என்ன சொல்வார்? மகனைக் கேட்டால் பொய்க்குத் தானே கயிற்றில் ஏற வேண்டும். மாஸாவின் அம்மா எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் சித்தப்பாவுக்காக என் சித்தியும் அப்படித்தான் தூற்றினாள், தலைவர் வீட்டு வாசலில்.

அன்றைக்கு ஆடு நன்றாகவே வெந்திருந்தது. சிரிமா எங்கள் கொனேத் தட்டில் கைவிட்டு அத்தை வைத்திருந்த நல்ல எலும்பைப் பிடுங்கினான், அத்தை அவன் களியைப் பிடுங்கினாள். கயிற்றில் இருந்தவர்களுக்கும் கறி போட்டார்கள். மாஸா சாப்பிடவில்லை. அவன் பங்கை அந்த சானோகோ தின்றான்.

மாமியாருக்குத்தான் ஒரு குறை. "பொண்ணு பேசிட்டாளே. இது கல்யாணத்துல சேருமா?"

சானபா சாட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "முறைக்காரன்கிட்டப் பேசினது பேச்சுல சேராது. அது தும்மல் மாதிரி. போடுங்கடி துணிய."

வெயில் சாய்ந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். எனக்குத் தெரியாத மூன்று பேர் அணைக்குப் போனார்கள். எங்கள் சிரிப்பு அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, ஒரு வேளைச் சோறு போட்டது, அவ்வளவுதான். சிரிமா புளியமரத் திருப்பம்வரை திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே போனான். கொனேக்களின் பல்லைப் பற்றி, மூக்கைப் பற்றி. துணிக்குள்ளிருந்தே நான் பதில் கத்தினேன். சேராத பேச்சுதானே.

அன்று இரவு பருவத்தின் முதல் மழை கொட்டியது. மறுநாள் விடியலில் சுங்காலோ வயலுக்குக் கிளம்பினான். மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தில் நெய் தடவியிருந்தேன். அவன் முன்னால் குழி போட்டுக்கொண்டே போனான். நான் பின்னால் விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனேன். வேகமாகப் போகாதே என்று சொன்னேன். கேட்கவில்லை.